குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தைப் பற்றி ஒரு திறந்த மடல்

விண்ணப்பப் படிவங்களை வகுக்கும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். சிவப்பு நட்சத்திரக் குறியிட்ட அந்தக் கட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை வைத்தவர்கள் நீங்களே. என் பேரனின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் கடந்த வாரம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது. முதல் முறை குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டோம், ஏற்கவில்லை. அடுத்த முறை ஒரு புள்ளியை மட்டும் வைத்துப் பார்த்தோம், அதையும் ஏற்கவில்லை. பிறகு முறைப்படி அவன் தந்தையின் பெயரை அதில் எழுதினோம். அவன் தந்தைக்கான கட்டத்தில், அதே முறைப்படி, என் பெயர் இருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் குடும்பப் பெயர் பொருந்தவில்லை என்று உங்கள் கணினி தெரிவித்துவிட்டது.

உதவி மையத்தில் இருந்த இளைஞர், "எதற்கு ஐயா சிரமம்? உங்கள் ஆட்களின் பட்டத்தைப் போட்டுவிடுங்கள், இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்துவிடும்" என்றார். அன்போடுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து பழைய நிலப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். என் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இருக்கிறது. என் தந்தையின் பெயருக்குப் பின்னால் இல்லை. பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்ததையும், அதன்பின் ஊர் ஊராக மனிதர்கள் தம் பெயரின் வாலைத் தாமே வெட்டிக்கொண்டதையும் நீங்கள் அறிவீர்கள். என் தந்தை அதற்காக உறவினர்களிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அவர் கழற்றி எறிந்ததை, உதவித்தொகைக்காக அவருடைய கொள்ளுப்பேரனின் கழுத்தில் நான் மாட்டிவிட வேண்டுமா? கட்டாயம் என்ற அந்தக் குறியை எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குடும்பப் பெயர் மனித குலம் முழுமைக்கும் பொதுவானதன்று. இங்கிலாந்தில் கொல்லர், மாவு ஆலைக்காரர், தையற்காரர் என்ற தொழிற்பெயர்கள் சில நூற்றாண்டுகளில் வழிவழிப் பெயர்களாக உறைந்தன. பிலிப்பைன்ஸில் 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா, வரிக்கும் மக்கள் கணக்குக்கும் வசதியாக இருக்கும் என்று, குடும்பப் பெயர்களின் பட்டியல் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். துருக்கியர்கள் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் குடும்பப் பெயர் பெற்றார்கள். ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோர் இன்றும் தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்தே தம் இரண்டாம் பெயரைப் பெறுகிறார்கள். அங்கும் தந்தைக்கும் மகனுக்கும் அது பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நீங்களும் கிளாவேரியாவைப் போல ஒரு பட்டியலையாவது அனுப்பியிருந்தால், அகர வரிசையில் ஏதேனும் நல்ல பெயராகப் பார்த்து எடுத்திருப்போம்.

அடுத்த பதிப்பில் குலச்சின்னத்துக்கும் ஒரு கட்டம் வருமோ என்று அஞ்சுகிறேன். குடும்பப் பெயரைச் சொன்னால் சிங்கமும் கேடயமும் வரைந்து விற்கும் கடைகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் 1484-இல் நிறுவப்பட்டு, இங்கிலாந்தின் குலச்சின்னங்களைப் பதிந்துவரும் லண்டன் சின்னக் கல்லூரி என்ற அமைப்பு, ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது, அது தனி ஒருவருக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் மட்டுமே உரியது என்கிறது. பெயர் ஒன்றானால் குடும்பமும் ஒன்று என்பதை அந்த நாட்டிலேயே ஏற்பதில்லை. பெயர் வேறானால் குடும்பமும் வேறு என்று உங்கள் கணினி மட்டும் எங்கே கற்றது?

கோபத்தில் சற்று விலகிப் போய்விட்டேன், பொறுத்தருள்க. நம் நாட்டுக் கடவுச்சீட்டிலேயே குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம். எல்லை தாண்ட வேண்டாத ஒரு பள்ளி மாணவனின் உதவித்தொகைக்கு அதைவிடக் கடுமையான விதி தேவையில்லை. 'முழுப் பெயர்' என்ற ஒரே கட்டம் போதும். குடும்பப் பெயர் உள்ளவர்கள் அதையும் அதிலேயே எழுதிக்கொள்வார்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை அந்தச் சிவப்புக் குறியை மட்டுமாவது நீக்கிவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

விண்ணப்பிக்க இம்மாத இறுதியே கடைசி நாள். நான்காம் முறை, முதல் முறையைப் போலவே, கட்டத்தை வெறுமையாக விட்டே அனுப்புகிறோம். அருள்கூர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே உடைய ஒரு தாத்தா,
திண்டுக்கல்.