அந்தப் புத்தகங்களைக் கீழே இறக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அங்கேயேதான் கிடக்கிறது. முகில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த யுத்தகாலப் புத்தகங்களை அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டாய், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறாய். போனில் எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன ஆகஸ்ட் 1 அன்று நானும் அவனும் உங்கள் போலந்துத் தலைநகர் வார்சாவில் டிராமுக்காக நின்றிருந்தோம். சரியாக மாலை 5 மணிக்குச் சைரன் அலறியது. டிராம் நின்றது, கார்கள் நின்றன, காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார். முகில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, சண்டை வந்திருச்சா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் உலகப்போரில், 1944-ல் அதே நாள், அதே நேரம், ஊரைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர்களை எதிர்த்து அந்த நகரம் கிளம்பியது, அதற்காக வருடாவருடம் இப்படி நிற்கிறார்கள் என்று அப்புறம் அவன்தான் ஒரு புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொன்னான். அந்த ஊரில் வளர்கிற பிள்ளைக்குச் சைரன் கேட்கத்தான் போகிறது பாப்பா, ஏன் என்று சொல்கிற புத்தகத்தை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்தால் எப்படி?

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது தபால்காரப் பையன்களின் கதை. 63 நாள் நீடித்த அந்தக் கிளர்ச்சியில் அம்மா ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் என்று குடும்பங்கள் சிதறிக் கிடக்க, பன்னிரண்டு பதிமூன்று வயதுச் சாரணர்கள் நிலவறை வழியாகவும் சாக்கடைக் குழாய் வழியாகவும் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கடிதத்துக்கு 25 வார்த்தைதான். இதைப் படித்ததும் முகில் எனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தான், விரல்விட்டு எண்ணி எண்ணி. கடைசி வார்த்தைக்கு வந்ததும் 'சாப்பிடு' என்று போடுவதா 'பயப்படாதே' என்று போடுவதா என்று பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். 'பயப்படாதே' என்றுதான் முடித்தான். இந்தப் பிள்ளையா பயந்துபோய்விடுவான்?

துப்பாக்கி பிடித்த பையனை அட்டையில் போட்டு வீரம் பேசுகிற புத்தகம் எனக்கும் வேண்டாம், அது மேலேயே இருக்கட்டும். ஜெர்மானியர்கள் பள்ளிகளை மூடியபிறகு வாத்தியார்கள் வீடுகளில் ரகசியமாகப் பாடம் நடத்தியதைச் சொல்கிறதே, அதை முதலில் கொடு.

யானுஷ் கோர்ச்சாக் புத்தகத்தை மட்டும் தனியாகப் படிக்க விடாதே, பக்கத்தில் உட்கார். அவர் டாக்டர், எழுத்தாளர், வார்சாவில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். அந்த இல்லத்தில் பிள்ளைகளே நீதிமன்றம் நடத்தினார்கள், அவர் மேலேயே வழக்குப் போட்டிருக்கிறார்கள்! அதை நிதானமாகப் படியுங்கள், அவனுக்குச் சிரிப்பு வரும். அப்புறம் கெட்டோவுக்குள், அதாவது யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்துவைத்த பகுதிக்குள், அடைக்கப்பட்ட அதே இல்லத்துப் பிள்ளைகள் 1942 ஜூலையில் நம் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை நடித்தார்கள். வெளியே போக முடியாமல் படுக்கையில் கிடக்கும் ஒரு சிறுவன் ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருப்பான், அந்த நாடகம்தான். சில வாரத்தில் சுமார் 200 பிள்ளைகளையும் ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தப்பிக்க வழி இருந்தும் கோர்ச்சாக் அவர்களை விட்டுப் போகவில்லை, கூடவே போனார். இந்தப் பக்கத்துக்கு வரும்போது அவன் ஏதாவது கேட்டால் மழுப்பாதே. உனக்கு அழுகை வந்தால் அழு, அவன் பார்க்கட்டும்.

நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடு. கூடவே முகிலுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். 25 வார்த்தைதான், எண்ணிப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அம்மா