செவ்வாய்க்கிழமை எடுத்த படம்

பாப்பா,

நீ அனுப்பிய நான்கு படமும் வந்தது. அம்மா போனை வாங்கிக்கொண்டு போய் மாடி வீட்டில் காட்டிவிட்டு வந்தாள். அவளுக்குப் பெருமை, எனக்கும்தான். இங்கிலாந்தில் மோட்டார்வே என்கிற அதிவேக நெடுஞ்சாலை வெட்டிப்போட்ட பழைய ரோடுகளை என் மகள் தேடித் தேடி நடக்கிறாள் என்றால் எனக்கு இல்லாத சந்தோஷமா. ஆனால் தனியாகப் போகிறாய். போகும் முன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். ரோடு நேராக வந்து கம்பி வேலியில் முட்டி நிற்கிறது, வேலிக்கு அப்புறம் பள்ளம், பள்ளத்தில் மோட்டார்வே. நடுக்கோட்டில் பூனைக்கண் கூட, அதுதான் இரவில் வண்டி வெளிச்சத்தில் மின்னுமே, அப்படியே பதிந்திருக்கிறது. பெர்சி ஷா 1934-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ரப்பர் மெத்தைக்குள் கண்ணாடி, வண்டி ஏறினால் அதுவே தன்னைத் துடைத்துக்கொள்ளும். ஓரத்தில் பாசி ஏறியிருக்கிறது பார், அதில் கால் வைக்காதே, வழுக்கும். தாரைப் பார்த்து நம்பிவிடாதே. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வெர்ட் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு போய்விடும், மேலே தார் மட்டும் அப்பளம் மாதிரி நிற்கும். பார்க்க ஆள் இல்லாத ரோட்டில் அதை யாரும் சரி செய்ய மாட்டார்கள்.

அந்த ரோடு ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டிருந்தாய். மோட்டார்வேயில் நடந்து போகிறவர், சைக்கிள்காரர் யாரும் ஏறக்கூடாது, குறுக்கே சந்திப்பும் கிடையாது. 1958-ல் அங்கே முதல் மோட்டார்வேயாகப் பிரஸ்டன் பைபாஸ் திறந்த நாளிலிருந்தே அங்கே அப்படித்தான். அதனால் குறுக்கே வருகிற ஒவ்வொரு சின்ன ரோட்டுக்கும் மேலே பாலம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ரோட்டோடு திருப்பிச் சேர்க்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் மூட வேண்டும். பாலம் என்றால் பணம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரோடு இருந்தால் ஒன்றுக்குத்தான் பாலம் கிடைக்கும். எதற்கு என்று மேஜையில் முடிவாகிவிடும். வின்செஸ்டர் பக்கம் 1994-ல் எம்3 மோட்டார்வே குன்றை வெட்டிக்கொண்டு போனபோது பழைய பைபாஸ் ரோட்டையே பெயர்த்தெடுத்துவிட்டுப் புல்வெளி ஆக்கிவிட்டார்களாம். அங்கே நீ போனால் ரோடு இருந்த சுவடுகூடக் கிடைப்பது கஷ்டம். உன் ரோட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய சர்வே வரைபடங்களை இலவசமாகவே பார்க்கலாம், இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார், வேலிக்கு அந்தப் பக்கம் அதே ரோடு தொடர்வது தெரியும். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பாலத்தைச் சுற்றிப் போ. வேலி ஏறாதே. எத்தனை மைல் சுற்றாக இருந்தாலும் ஏறாதே. டிசம்பரில் அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

அப்புறம், படங்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமை எடுத்தவை. அதற்கு முந்தைய தொகுப்பு வியாழன், பகல் பதினொன்றே கால். நான் தேடிப் பார்க்கவில்லை, போனே காட்டுகிறது. லீவு நிறைய மிச்சம் இருக்கிறதோ என்று அம்மா கேட்டாள். இருக்கும் என்றேன்.

நீ கெட்டிக்காரி, எதையும் சமாளிப்பாய். ஆனால் எதையும் கடைசியில்தான் சொல்வாய், அந்தக் கைமுறிவு விஷயத்திலும் அப்படித்தான் செய்தாய். அது எனக்கு இன்னும் வருத்தம்தான். சின்ன வயதிலிருந்தே இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நீ ஏழாவது படிக்கும்போது பள்ளி டூருக்கு அனுப்ப மாட்டேன் என்று கத்தினேனே, பெண்பிள்ளைக்கு ஊர் சுற்றுவது எதற்கு என்று. நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது பொய், பாப்பா. கையில் காசு இல்லை. பைபாஸ் வேலை முடிந்ததும் காண்ட்ராக்ட் கம்பெனியில் எங்கள் சர்வே குழுவை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் எனக்கு வேலை இல்லை. ஒவ்வொரு நாளும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு சரியாக ஏழரைக்குக் கிளம்பினேன். போனது எங்கே என்று நினைக்கிறாய்? நாங்கள் வெட்டிப்போட்ட பழைய ரோட்டுக்குத்தான். அங்கேதான் தெரிந்தவர்கள் யாரும் வர மாட்டார்கள். மைல்கல்லில் உட்கார்ந்து சாப்பிடுவேன், ஐந்து மணி வரை நடப்பேன், திரும்பி வருவேன். அந்த இடத்தில் சென்டர் லைனுக்கு முளைக்குச்சி அடித்ததே நான்தான். ஒரு நாள் ஆட்டோடு வந்த ஒரு அம்மா, அந்தப் பக்கத்து நிலத்துக்கு எப்படிப் போவது என்று என்னைக் கேட்டார். பாலம் வரைக்கும் போய்ச் சுற்றி வாருங்கள் என்றேன். அவர் பாலத்தையும் பார்த்தார், தன் காலையும் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். வேலையில் இருந்த வரைக்கும் அந்தத் தூரத்தை நான் ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை. அன்றைக்கு நடந்தேன். போய் வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

அம்மாவுக்கு இது தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீ கேட்டுவிடாதே. உன்னிடம் கத்தியதுதான் எனக்கு ஆறவே இல்லை. காசு இல்லை என்ற இரண்டு வார்த்தை, வாயில் வரவில்லை.

நல்ல ஷூ போட்டுக்கொள். போனில் சார்ஜ் பார்த்துக்கொள். எந்த ரோடு, எங்கே முடிகிறது, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கிளம்பும் முன் எனக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போ. எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி, நான் கிழமை கேட்க மாட்டேன்.

அப்பா