டிபி பாக்ஸை மூடுறது யார் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுறவங்களுக்காக நீங்க போடுற பக்கத்த விடாம படிக்கிறேன், கலவை, டைல்ஸ், பெயின்ட்னு எல்லாம் எழுதுறீங்க, ஆனா வேலை நடக்குறப்போ டிபி பாக்ஸ், அதாவது வீட்டுக்குள்ள கரண்ட்ட பிரிச்சு விடுற பாக்ஸ், படுற பாட்டப் பத்தி ஒரு வரி வந்து நான் பாக்கல. அதான் எழுதுறேன்.

போன வருஷம் மாடி எடுத்தோம். கீழ நாங்க குடியிருக்கோம், மேல வேலை. படிக்கட்டுக்கு அடியிலதான் டிபி பாக்ஸ். மேல கிரானைட் அறுத்த தூள், பட்டி தேய்ச்ச தூள் எல்லாம் இறங்கி அதுக்குள்ளதான் போச்சு. வெல்டிங் பண்ண வந்தவரு பாக்ஸ் கதவ கழட்டி வச்சுட்டு உள்ள இருந்தே நேரா ஒயர் எடுத்தாரு, அந்தக் கதவு திரும்ப ஏறவே இல்ல, செங்கலுக்கு அடியில நசுங்கிக் கிடந்துச்சு. மாடியில ஒயர் பைப்போட வாய் திறந்தே இருந்ததால கியூரிங்குக்கு, அதாவது சிமெண்ட் இறுகுறதுக்கு, அடிச்ச தண்ணி அது வழியா கீழ பாக்ஸ் வரைக்கும் வந்திருக்கு, அது அப்ப எங்களுக்குத் தெரியல.

ஒருநாள் ராத்திரி கருகுற வாடை. எலக்ட்ரீசியன் தம்பி ஓடி வந்து மொதல்ல ஆர்சிசிபியோட (கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து லைன ஆஃப் பண்ற சுவிட்ச்) டெஸ்ட் பட்டன அமுக்குனாரு, விழல. அப்புறம் மெயின ஆஃப் பண்ணிட்டு பாத்தா நியூட்ரல் ஒயரெல்லாம் ஒண்ணா சேருற லிங்க்ல ஸ்க்ரூ லூஸாகி ஒயர் முனை கருகிக் கிடக்கு. சுவத்துல சுத்தியலும் டிரில்லும் போட்டு மாசக்கணக்குல அதிர்ந்தா ஸ்க்ரூ தளரும்னு சொன்னாரு. எங்களுது மூணு பேஸ். நியூட்ரல் முழுசா விட்டிருந்தா 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல 400 வரைக்கும் ஏறியிருக்கலாம், ஃபிரிட்ஜ், டிவி ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அதக்கூட விடுங்க, 30 மில்லி ஆம்ப் கசிஞ்சாலே விழ வேண்டிய ஆர்சிசிபி எத்தன நாளா வேலை செய்யாம இருந்துச்சோ, பேரப்புள்ளைங்க ஈரக்கையோட சுவிட்ச் போட்டுட்டுத் திரிஞ்ச வீடு சார் அது. இப்ப நினைச்சாலும் தூக்கம் வரமாட்டேங்குது.

சிமெண்ட் தூசி காஞ்சு இருந்தா ஒண்ணும் தெரியாது. ஈரம் பட்டுச்சுன்னா அதுவே கரண்ட் கசியுற வழி ஆயிடும், டெர்மினலையும் அரிக்கும்.

கொத்தனாரக் கேட்டா அது எலக்ட்ரீசியன் பாடுங்கிறாரு, எலக்ட்ரீசியனக் கேட்டா நான் பைப் போட்டுட்டுப் போயிட்டேன், பூச்சு வேலை அவங்களோடதுங்கிறாரு. ஜன்னல் கம்பி எத்தன எம்எம்னு வரைக்கும் அக்ரிமெண்ட்ல எழுதுறோம், பாக்ஸ மூடுறது யாரு பொறுப்புன்னு எழுதுறதில்ல. அத எழுதிக் கையெழுத்து வாங்கணும்னுதான் நான் சொல்றேன்.

புது வீடுன்னா பாக்ஸோட வெறும் கூடு மட்டும் சுவத்துல பதிச்சு, உள்ள தெர்மாகோல் வெட்டி அடைச்சு, பைப் வாய்க்கெல்லாம் கேப் போட்டுட்டு, எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), ஆர்சிசிபி எல்லாத்தையும் பெயின்ட் முடிஞ்ச பிறகு மாட்டச் சொல்லுங்க. குடியிருக்குற வீட்டுல வேலைன்னா கதவ மூடி முன்னாடி ஒரு பிளைவுட் பலகை மறைப்பா வைக்கலாம், அவசரத்துக்கு ஆஃப் பண்ண கை போற மாதிரி. கரண்ட் ஓடிட்டு இருக்குற பாக்ஸ பிளாஸ்டிக் ஷீட்டால இறுக்கிச் சுத்திடாதீங்க, சூடு வெளிய போகாது, உள்ள வேர்த்துடும். கட்டிங் மெஷின், வெல்டிங்குக்கெல்லாம் ஆர்சிசிபி வச்ச தனி போர்டு. தண்ணி பூந்த எம்சிபிய வெயில்ல காயவச்சு திரும்ப மாட்டுறாங்க, அது வேண்டவே வேண்டாம், புதுசு போடுங்க. மீட்டர் பக்கம் தண்ணி போயிருந்தா நாமளே சீல உடைக்கக் கூடாது, ஈபியோட புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு போன் அடிச்சு ஈபி ஆள வரச் சொல்லணும்.

இத நல்ல எலக்ட்ரீசியன் ஒருத்தர வச்சு, போட்டோவோட உங்க பக்கத்துல விவரமா போடணும்னு கேட்டுக்கிறேன். மழைக்கு முன்னாடி வந்தா நல்லது, எங்க தெருவுல மட்டும் மூணு வீட்டுல மாடி வேலை நடக்குது, மூணுலயும் பாக்ஸ் திறந்துதான் கிடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி