பாப்பாவுக்கு, சனிக்கிழமை வண்டி பற்றி

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய டிக்கெட் பிடிஎஃப் கிடைத்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம், பரவாயில்லை. பெர்லினிலிருந்து கொலோன், சனிக்கிழமை விடியற்காலை, ஒருவழி. அன்றைக்கு அங்கே மழை என்று போட்டிருக்கிறான். வாட்ஸ்அப்பில் அடித்தால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு மூடிவிடுவாய். அதனால் மெயில்.

டிக்கெட்டில் இருக்கை எண் இல்லை. நம் ஊர் மாதிரி டிக்கெட் எடுத்தாலே இடம் கிடைத்துவிடாது. இரண்டாம் வகுப்பில் முன்பதிவுக்குத் தனிக் காசு. இன்றைக்கே போட்டுவிடு. போட்ட பிறகும் வண்டி கிளம்பிப் பதினைந்து நிமிஷத்துக்குள் போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு யாரும் உட்காரலாம். நாலரை மணி நேரப் பயணம், பெட்டியோடு நின்றுகொண்டு போக முடியாது.

வெள்ளி இரவு எஸ்-பான், அதான் அந்த ஊர் லோக்கல் ரயில், விடிய விடிய ஓடும் என்று தைரியமாக இருக்காதே. அந்த நேரத்தில் அரை மணிக்கு ஒன்றுதான். வார இறுதியில்தான் தண்டவாள வேலையும் வைப்பார்கள். அப்போது ரயிலுக்குப் பதில் பஸ் விடுவான், மழையில் அந்த பஸ் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். முந்தின நாள் இரவே பார்த்துவிடு. கடைசியாகப் பிடிக்கக்கூடிய எஸ்-பானுக்கு முந்தையதில் ஏறு.

பெர்லின் ஹவுப்ட்பான்ஹோஃப், அதாவது மெயின் ஸ்டேஷன், இரண்டு அடுக்கு. பிளாட்பாரம் 1 முதல் 8 வரை தரைக்குக் கீழே, 11 முதல் 16 வரை மேலே. கொலோன் வண்டி வழக்கமாக மேல் தளம்தான், ஆனாலும் பலகையைப் பார்க்காமல் ஏறாதே. கீழேயிருந்து மேலே போகப் பத்து நிமிஷம் ஒதுக்கு. பெட்டிக்காக லிஃப்டை நம்பினால் இன்னும் கொஞ்சம்.

இப்போது முக்கியமானது. மேல் தளத்துக் கண்ணாடிக் கூரை முதலில் 430 மீட்டர் என்றுதான் திட்டம். 2006-ல் திறப்பதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் 321 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். நீ போகிற மாதிரி ஐசிஇ அதிவேக வண்டி, இரண்டு செட் சேர்ந்து வந்தால் ஏறத்தாழ 400 மீட்டர். கணக்குப் போட்டுப் பார், இரண்டு முனையிலும் சில பெட்டிகள் மழையில்தான் நிற்கும். பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகை தொங்கும். உன் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே வரும் என்று செயலியில் காட்டும். அது முனையில் என்றால் கூரை விளிம்பிலேயே நில், வண்டி கண்ணில் பட்டதும் நட. ஓடாதே. ஈரத்தில் அந்தக் கோடு போட்ட தரை வழுக்கும்.

சில நாள் பெட்டி வரிசை தலைகீழாக வரும். முன்னால் வர வேண்டியது பின்னால் நிற்கும். கடைசி நிமிஷத்தில்தான் அறிவிப்பான். அப்போது நனைந்துகொண்டு ஓடாமல் பக்கத்துக் கதவில் ஏறி உள்ளேயே நடந்து போகலாம். ஆனால் சரியான பாதியில் ஏற வேண்டும்! கொலோன் பக்கம் போகும் பல வண்டிகள் ஹம் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வூப்பர்டால் வழி, இன்னொன்று டோர்ட்மண்ட், எஸ்ஸன், டுயிஸ்பர்க், டுஸ்ஸல்டோர்ஃப் வழி. பெட்டி எண்கள் வழக்கமாக ஒன்றில் இருபதுகளிலும் மற்றதில் முப்பதுகளிலும் இருக்கும். நடுவில் இரண்டு இன்ஜின் மூக்கும் முட்டிக்கொண்டிருக்கும், ஆள் போக வழி கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் ஓடும் எழுத்தில் போய்ச் சேரும் ஊரைப் படித்துவிட்டு ஏறு. பாதி மாறி ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஹனோவரில் இறங்கி மாறிக்கொள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாற ஹம் வரை காத்திருக்காதே.

மழை என்றதும் அம்மாவுக்கு ஒரே கவலை. ஓட்டுகிறவனுக்குத் தெரியும் பாப்பா, கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். லேசான தூறல்தான் தொல்லை, துருவும் தூசியும் எண்ணெயும் பசை மாதிரி ஆகிவிடும். சக்கரம் நழுவினால் மணல் போடுவார்கள், மெதுவாக பிரேக் பிடிப்பார்கள். ஆபத்தில்லை, தாமதம்தான். ஆறு நிமிஷத்துக்குள் வந்தால் அங்கே அது தாமதக் கணக்கிலேயே வராது. உன்னுடையது மலிவு டிக்கெட், அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். ஆனால் கொலோனுக்கு இருபது நிமிஷமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு வண்டியில் போகலாம். ஒரு மணி நேரம் தாமதம் என்றால் நாலில் ஒரு பங்கு பணம் திரும்பும், இரண்டு மணி என்றால் பாதி. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். வெட்கப்படாமல் கேள்.

கதவு புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பே மூடிவிடும். ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கிற வேலை அங்கே நடக்காது. ஈரக் கையில் போன் திரை கேட்காது, டிக்கெட்டை முன்னமே திறந்து வை. குடையை மடித்துப் போட ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும். டிக்கெட்டில் உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே இருக்கிறதா? இனிஷியல் என்றால் என்ன என்று அந்த ஊர்க் கண்டக்டருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, என் முழுப் பெயர் அதில் இருக்க வேண்டும்.

உன்னோடு போன பிள்ளைகள் எல்லாரும் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்களாம். உஷா அத்தை சொல்லித்தான் தெரியும். பத்தாவதில் திருச்சிக்குத் தனியாக அனுப்ப மாட்டேன் என்றேன், இன்றைக்கு நீ தனியாக ஜெர்மனியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்கிறாய். தெருவில் நாலு பேரிடம் சொல்லியாயிற்று. அதில் இரண்டு பேர், கொலோனில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஆபீஸ் விஷயம் என்று சொல்லிவைத்தேன். சரியாகத்தானே சொன்னேன்?

மலிவு டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். திரும்புகிற டிக்கெட்டையும் இப்போதே எடுத்தால் பாதிக் காசு மிச்சமாகும், அதற்காகத்தான் சொல்கிறேன். எடுத்தால் அந்த பிடிஎஃப்பையும் அனுப்பு. திரும்புகிற தேதி தெரியவில்லை என்றாலும் சொல், இருபது யூரோ போனால் போகிறது.

ஏறுவதற்கு முன் எந்தப் பாதி என்று பார். மறந்துவிடாதே.

அப்பா

பி.கு.: பாஸ்போர்ட் தோள்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் வேண்டாம். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள்.