நாய்க்குச் சேராத உணவு: அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு செல்லப்பிராணிகள் பக்கத்தில், நாய்க்கு அடிக்கடி பேதியானால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், எந்த உணவு சேரவில்லை என்று தெரிந்துவிடும் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதை ஒட்டியே, தயிர்சாதத்தை நிறுத்திவிட்டுக் கடைத் தீவனத்துக்கு மாறச் சொல்லி அறிவுரையும் இருக்கிறது. பலர் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கம் அது. யாரிடமும் கேட்காமல் அதில் இப்படி எழுதலாமா?

எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை இன நாய் மணிக்கு அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். அதனால்தான் இந்தக் கோபம். சளி சளியாக, சில நேரம் ரத்தக் கோடும் கலந்து வெளிக்குப் போவான். ஒன்றுமே வராதபோதும் முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நிற்பான். ஆஸ்பத்திரிக்குப் போனால் டிரிப், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து, அவ்வளவுதான், அனுப்பிவிடுவார்கள். மருந்து முடிந்ததும் பழைய கதைதான். அப்புறம் லேபுக்கு ரத்தம் போனது. வந்த ரிப்போர்ட்டில் அரிசி, மீன், முட்டை, உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் சேராது என்று சிவப்புக் கட்டம், கோழிக்குச் சேரும் என்று பச்சை. கோழியைத் தாராளமாகக் கொடுங்கள் என்றார்கள். அவன் விலா எலும்பு தெரியும்படி இளைத்தது அதன் பிறகுதான்.

வேறொரு கால்நடை டாக்டர்தான் நிதானமாக ஆரம்பித்தார். முதலில் மலப் பரிசோதனை. கொக்கிப்புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி எல்லாம் ஒரே நாள் மாதிரியில் சிக்காமல் போகலாம் என்பதால் வேறு வேறு நாட்களில் எடுத்துவரச் சொன்னார். ரத்தமும் எடுத்தார். ஆனால் அது கணையம், கல்லீரல், அட்ரீனல் சுரப்பி இவற்றில் கோளாறு உண்டா என்று பார்க்க. ரத்தப் பரிசோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை, ஆசிரியரே. சேராத உணவின் பெயரை அது சொல்லாது என்றுதான் சொல்கிறேன்.

அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, நாய் அதுவரை தின்றிராத உணவை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. மணி கோழி, முட்டை, பால், பிஸ்கட் எல்லாம் தின்றவன், மீன் தின்றதில்லை. முள் நீக்கி அவித்த மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று முடிவானது. வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. எலும்பும் பிஸ்கட்டும் நின்றன. இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரையைக்கூட டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதைப் புரியவைத்ததுதான் பெரும்பாடு. ஒரு ரஸ்க் என்ன செய்துவிடும் என்பார். ஒரு ரஸ்க் போதும், அத்தனை நாள் பத்தியமும் கெட்டுவிடும்.

வயிற்றுக் கோளாறு உணவால்தான் என்றால் பெரும்பாலும் 2 வாரத்திலேயே முன்னேற்றம் தெரியும். தோல் அரிப்புக்குத்தான் 8 வாரம்வரை பொறுக்க வேண்டும். மணிக்கு மலம் கட்டியானது. அதோடு விடாமல் பழைய உணவை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம். இதைச் செய்யாவிட்டால், குணமானது உணவாலா, தற்செயலா என்று யாருக்கும் தெரியாது. அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை. தயிருக்கும் ஆகவில்லை. கோழி போட்டதும் மறுபடி சளி. நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ரிப்போர்ட்டில் பச்சைக் கட்டம் போட்டிருந்த அதே கோழி! உங்கள் பக்கம் பழி சுமத்திய தயிர்சாதத்தை இன்று நிம்மதியாகத் தின்கிறான்.

2016-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, உணவு ஒவ்வாமையால் தோல் பாதித்த 297 நாய்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் மாட்டிறைச்சி சேராதவை 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. அரிசி வெறும் 2. பாலைச் சந்தேகிப்பது சரி. பார்க்காமலே தீர்ப்பு எழுதுவது சரியில்லை. பல கடைத் தீவனங்களில் இருப்பதும் கோழியும் கோதுமையும்தானே?

இது முதல் முறையும் அல்ல. போன வருடம் முடியையும் எச்சிலையும் அனுப்பி ஒவ்வாமை கண்டுபிடிக்கும் பரிசோதனையைப் புகழ்ந்து அரைப் பக்கம் போட்டீர்கள். செயற்கை முடியையும் வெறும் உப்புநீரையும் அனுப்பியபோதும் அதில் ஒவ்வாமை இருப்பதாக முடிவு வந்தது என்று 2019-லேயே ஆய்வு வெளியாகிவிட்டது. அதற்கு முன் நாய்க்கான சூப் என்று சின்ன வெங்காயம் வதக்கிப் போடும் செய்முறை வந்தது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். அப்போதே எழுதினேன், என் கடிதத்தையும் நீங்கள் போடவில்லை, திருத்தமும் வரவில்லை. நீண்ட கால வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன்: நாய் வயிற்று வலியால் துடிப்பதைப் பார்த்திருந்தால் இவ்வளவு அலட்சியமாக எழுத மனம் வருமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே ஒரு சின்னப் பெட்டியில், நாய் வளர்ப்பவர் தினமும் எதைக் குறித்து வைக்க வேண்டும் என்று கொடுங்கள்: என்ன தின்றது, எத்தனை முறை வெளிக்குப் போனது, சளியா ரத்தமா, வாந்தி உண்டா, எடை எவ்வளவு. குட்டி நாய்க்கு வாந்தி பேதி என்றாலோ, ரத்தம் அதிகம் போனாலோ, தண்ணீரும் இறங்காவிட்டாலோ பத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்