சம்னர் சாலைப் பலகைகள்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். இங்கே பருத்தி எடுத்து முடித்துவிட்டார்கள். சாலையோரமெல்லாம் பஞ்சு சிதறிக் கிடக்கிறது.

போனில் ஒன்று கேட்டாயே, எம்மெட் டில் நினைவுப் பலகையைத் திரும்பத் திரும்பச் சுடுகிறார்கள் என்றால் அதை ஒரு மியூசியத்தில் வைத்துவிட்டு ஆற்றங்கரையைச் சும்மா விட்டுவிடலாமே என்று. அப்போதே பதில் சொல்ல ஆரம்பித்தேன், நீ வேலைக்குக் கிளம்பிவிட்டாய். எனக்கு ஆறவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ இந்த மிசிசிப்பி டெல்டாவில் வளர்ந்தவன். 1955-இல் இங்கே வெள்ளையர்கள் கடத்திக் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில், அந்தப் பெயர் உனக்குப் புதிதில்லை. ஆனால் பலகைகளின் கதையை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது 1955-லேயே, ஒரு வேறு பலகையில் ஆரம்பிக்கிறது. அந்த செப்டம்பரில் அந்தக் கொலை வழக்கைப் பார்க்க நிருபர்கள் சம்னருக்கு வந்து குவிந்தபோது, ஊர் எல்லையில் ஒரு வரவேற்புப் பலகை இருந்தது. 'ஆண்பிள்ளையை வளர்க்க நல்ல ஊர்' என்று அதில் எழுதியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டு போனார்கள். உன்னை இந்தப் பக்கத்தில்தான் வளர்த்தேன் என்பதால், அந்த வரியை நினைத்தாலே எனக்கு வயிறு பிசையும்.

எம்மெட்டுக்கு அப்போது வயது 14. இப்போது நீ இருக்கிற அதே சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு ரயிலேறி வந்த பிள்ளை. மனி என்கிற சிற்றூரின் மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை இல்லாமல் நடந்தான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 விடியுமுன் தாத்தா முறையான மோஸ் ரைட்டின் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து டலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தின் கனமான இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தார்கள்.

உடல் கிடைத்த இடம் டலஹாச்சி கவுண்டியில், அதாவது டலஹாச்சி மாவட்டத்தில், இருந்ததால் வழக்கு சம்னர் கோர்ட்டுக்கு வந்தது. கவுண்டியில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். ஆனாலும் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை, அதனால் ஜூரியிலும் இல்லை. பன்னிரண்டு வெள்ளைக்கார ஆண்கள் 67 நிமிடத்தில், குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வெள்ளைக்காரர்களுக்கும் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் கொன்றவர்கள் இருவரும் காசு வாங்கிக்கொண்டு 'லுக்' பத்திரிகையில் தாங்களே செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு முறை விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்கிற தைரியம்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் இந்தக் கவுண்டியில் அந்தப் பிள்ளைக்கு ஒரு பலகைகூட இல்லை. சம்னர் கோர்ட் புல்வெளியில் உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகச் சண்டை போட்ட தென்படைக்கு மட்டும் சிலை வைத்திருந்தார்கள். என் வகுப்பில் கணக்குப் படித்த ஒரு பெண் சொன்னாள், அவள் பாட்டி அந்தப் பெயரை வீட்டில் யாரையும் எடுக்கவே விட்டதில்லையாம். பயம்தான். அந்தப் பயம் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும் பார்.

2005-இல்தான் கிரீன்வுட்டுக்கும் டட்வைலருக்கும் நடுவில் ஓடும் 49-ஈ நெடுஞ்சாலைக்கு எம்மெட் டில் பெயரை வைத்தார்கள். அப்புறம் ஜெரோம் லிட்டில் என்கிற கவுண்டி மேற்பார்வைக் குழுத் தலைவர் கறுப்பர், வெள்ளையர் இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு நினைவுக் குழுவை உண்டாக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 2007 அக்டோபர் 2-ஆம் தேதி, அதே கோர்ட் வாசலில், எம்மெட்டின் குடும்பத்தாரை எதிரே வைத்துக்கொண்டு, அநீதி நடந்தது, வருந்துகிறோம் என்று கவுண்டி மக்களின் பெயரால் அறிக்கை படித்தார்கள். இன நல்லிணக்கம் உண்மையைச் சொல்வதில் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது கண்ணா. வாஷிங்டனிலிருந்து யாரோ வந்து சொன்னதில்லை. அண்டை அயலார், ஒரே கடையில் சாமான் வாங்குகிறவர்கள், சிலர் ஜூரியில் இருந்தவர்களைத் தெரிந்தவர்கள், அவர்களே உட்கார்ந்து பேசி எழுதியது.

2008-இல் அந்தக் குழு கவுண்டி முழுக்க ஊதா நிறப் பலகைகளை நட்டது. கிளெண்டோரா பக்கம் சரளைக்கல் பாதையில் போனால் கிராபால் லேண்டிங் என்கிற பழைய படகுத்துறை வரும். உடல் கரையேறிய இடமாக அதைக் கருதுகிறார்கள். அங்கே நட்ட முதல் பலகையை அதே வருடமே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவதை நட்டார்கள், அதை நூற்றுக்கணக்கான குண்டுகளால் சல்லடை ஆக்கினார்கள். 2018 ஜூனில் மூன்றாவது, நட்ட 35-ஆம் நாளே சுட்டாயிற்று. அதன் முன்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் மூன்று பேர் துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு நின்ற படத்தை 2019-இல் உலகமே பார்த்தது. உன் வயதையொத்த பிள்ளைகள்.

கிராமத்துச் சாலைப் பலகை எதுவானாலும் வேட்டைக்குப் போகிறவர்கள் குறி பார்க்கிறது வழக்கம்தான் என்று இங்கே சிலர் சொல்வார்கள். ஸ்டாப் பலகைகளில் ஓட்டை இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும். பிடுங்கிக்கொண்டு போவதும் நூறு நூறாகச் சுடுவதும் குறி பார்க்கிற விளையாட்டு இல்லை.

2019 அக்டோபரில் நான்காவது பலகை வந்தது. அரை அங்குல கனத்தில் குண்டு துளைக்காத எஃகு, எடை 500 பவுண்டுக்கு மேல். பக்கத்தில் கண்காணிப்பு கேமராவும் வைத்தார்கள். ஓட்டை விழுந்த இரண்டாவது பலகையை அமெரிக்காவின் தேசிய மியூசிய நிறுவனமான ஸ்மித்சோனியன் பெற்று 2021-இல் வாஷிங்டன் மியூசியத்தில் காட்சிக்கு வைத்தது.

பார், மியூசியத்திலும் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் மியூசியத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு போகிறவன் அதைப் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தே போகிறான். இந்தப் பாதையில் கெளுத்தி வாங்கப் போகிறவரும், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரும், டிராக்டர்காரரும் போகிறார்கள். அவர்கள் கண்ணில் படவேண்டும். சுட்டவனின் பிள்ளையும் ஒரு நாள் அந்த வழியாகப் போவான், அவன் கண்ணிலும் படவேண்டும். அந்த இடத்தைச் சும்மா விட்டால் ஐம்பது வருடம் விட்டிருந்த மாதிரிதான் ஆகும். சுட்டவர்கள் கேட்பதும் அதைத்தானே? நாம் ஏன் அதை அவர்களுக்குக் கொடுக்கவேண்டும்?

பக்கத்துக் கவுண்டியில், மனியில், அந்த மளிகைக் கடை இடிந்து கொடி மூடிக் கிடக்கிறது. அதன் முன்னால் 2011-இல் வைத்த பலகையையும் 2017-இல் சுரண்டிப் படங்களை உரித்தார்கள். அதையும் சரி செய்தார்கள். சரி செய்கிறவர்கள் சலிக்கவில்லை என்பதைத்தான் நான் உனக்குச் சொல்ல வருகிறேன்.

டட்வைலருக்கும் உன்னைக் கூட்டிப் போகவேண்டும். 1903 வாக்கில் டபிள்யூ. சி. ஹேண்டி என்கிற இசைக்காரர் அங்கே ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஒருவர் கிதார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டாராம். ப்ளூஸ் இசையின் வரலாற்றில் அது ஒரு பெரிய இடம், அதற்கும் பலகை இருக்கிறது. ஊருக்கு வெளியே ப்ளூஸ் மவுத் ஆர்கன் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சன் கல்லறை. வருகிறவர்கள் மவுத் ஆர்கனை அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். அதே சின்ன ஊரின் ஈமச் சடங்கு நிலையத்தில்தான் எம்மெட்டின் உடலைச் சிகாகோவுக்கு அனுப்பத் தயார் செய்தார்கள். பக்கம் பக்கமாக இவ்வளவும் இருக்கிறது. நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டே இந்த ஊரைக் கடந்திருக்கிறாய்.

இங்கேயே அவசரமாகப் புதைத்துவிட இந்தக் கவுண்டி ஷெரிப் ஏற்பாடு செய்தார். எம்மெட்டின் அம்மா மேமி டில் விடவில்லை. மகனைச் சிகாகோவுக்கு வரவழைத்து, ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயத்தில் பெட்டியைத் திறந்தே வைத்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. பெற்றவளுக்கு அது என்ன பாடு என்று என்னால் எழுத முடியவில்லை. அந்தத் தேவாலயமும், சம்னர் கோர்ட்டும், கிராபால் லேண்டிங்கும் சேர்ந்து 2023 ஜூலை 25 முதல் தேசிய நினைவுச் சின்னம். அன்று எம்மெட் இருந்திருந்தால் அவருக்கு 82-ஆவது பிறந்தநாள்.

தேவாலயம் தெற்கு ஸ்டேட் தெருவில் இருக்கிறது. உனக்கு ஒரு ரயில் தூரம். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. வெளியிலிருந்து பார்த்தாலும் போதும். பிறகு சம்னர் கோர்ட்டுக்கு நாம் சேர்ந்து போவோம். 1955-இல் இருந்த மாதிரியே அந்த அறையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், இன்றும் அங்கே வழக்கு நடக்கிறது. மோஸ் ரைட் எழுந்து நின்று, கடத்தியவரைக் கைநீட்டிக் காட்டியது அங்கேதான். வெள்ளைக்காரர் மேல் ஒரு கறுப்பர் அப்படிச் சாட்சி சொன்னால் உயிர் மிஞ்சுமா என்பதே சந்தேகமாக இருந்த காலம். சாட்சி சொன்ன பிறகு அவரும் ஊரைவிட்டுச் சிகாகோவுக்குத்தான் போனார்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு விமானம் வேண்டாம், ரயிலில் வா. இரவு சிகாகோவில் ஏறினால் காலையில் கிரீன்வுட். அப்பா வண்டியோடு வந்து நிற்பார். அங்கிருந்து 49-ஈ வழியாகவே வருவோம், அவசரம் இல்லை, ஒவ்வொரு பலகையிலும் நிறுத்தச் சொல்கிறேன். டெவான் தெருவுக்குப் போனால் நல்ல புளியும் இட்லி அரிசியும் வாங்கி வா, இங்கே கிடைக்கவில்லை. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா