வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு பத்து மாதாந்திரக் கூட்டங்களும் இரண்டு நூல் அறிமுகங்களும் நடைபெற்றன. நூலக அலமாரி பழுதுபார்க்கப்பட்டது.

அவற்றுள் நான்கு கூட்டங்கள், என் முன்மொழிவின்படி, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக் கவிஞர் சோர்லி மக்லீனுக்கு ஒதுக்கப்பட்டன. நமக்குத் தொடர்பில்லாத மொழிக்கு இத்தனை கூட்டங்கள் எதற்கு என்று செயற்குழுவில் எழுந்த கேள்விக்கு இங்கே பதிலளிப்பது என் கடமை. 1911இல் ராசே தீவில் பிறந்த அவர், பாட்டுக்காரர்கள் நிறைந்த குடும்பத்தில் தமக்கு மட்டும் பாட வராமல் வளர்ந்தவர். ஆனால் தந்தைவழிப் பாட்டியிடமும் பிறரிடமும் கேட்ட பழம்பாடல்களின் சொற்கள் அவர் நினைவில் அப்படியே தங்கின. எடின்பரோவில் ஆங்கில இலக்கியம் பயின்று, ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தவர், இருபது வயதை ஒட்டி அதை விட்டுவிட்டுக் கேலிக்கிலேயே கவிதை எழுதலானார்.

மூன்றாம் அமர்வில், 1954இல் வெளிவந்த 'ஹல்லைக்' கவிதையை அவர் குரலிலேயே இருமுறை கேட்டோம். 1850களில் ஆட்டுப் பண்ணைக்காக ராசே தீவின் ஹல்லைக் என்னும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட மக்களின் பெண்கள் அதில் பிர்ச் மரங்களாக நிற்கிறார்கள். நம் எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். கேலிக் மரபிலோ அழுத்தம் பெறும் உயிரொலி ஒத்தால் போதும், மெய் மாறலாம். முதல் கண்ணியில் 'ஈயர்' என்று முடியும் அடிக்கு 'ரீயவ்' என்று முடியும் அடி இணையாவதை, மூத்த உறுப்பினர் ஒருவர் பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டிக் காட்டினார். அந்த ஒரு மாலைக்காகவே இம்முயற்சி தகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதைக் கேட்க வந்திருந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் சொல்லியும், வருவதாக ஒப்புக்கொண்டவர்கள்கூட வரவில்லை. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் ஆண்டுச் சந்தா இன்னும் வந்து சேரவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். பற்றாக்குறை நன்கொடையால் சரிக்கட்டப்பட்டது. கணக்கேடு பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளது. இடம் தந்தவர்களுக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில், ஈரக் கம்பளித் துணியை மேசைமேல் அடித்துப் பதப்படுத்தியபடி கேலிக் பெண்கள் பாடிய வேலைப் பாடல்களைக் கேட்க எண்ணியுள்ளேன். அவற்றில் ஒருத்தி அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பல்லவி சொல்வார்கள். அடியெடுக்க ஒருவர் போதும். பல்லவிக்கு ஆட்கள் வேண்டும். நிலுவைச் சந்தா இம்மாத இறுதிக்குள் கிடைத்தால், நல்ல ஒலிபெருக்கி ஒன்றையும் வாங்கிவிடலாம்.

இங்ஙனம்,
செயலாளர்